செய்கையும் சிந்தனையும்

விசேட கல்வி பெறும் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க வேண்டுமென்பதிற் கருத்து வேற்றுமை இல்லை. இரத்மலானையிலே 1912ஆம் ஆண்டிலும் கைதடியிலே 1956ஆம் ஆண்டிலும் அவர்க்கெனப் பாடசாலைகள் தோன்றின. எனினும், அவர்தம் தொழில் என்றதும் கதிரைக்குப் பிரம்பு பின்னுதலும் தும்புத்தடி கட்டுதலுமே இன்றும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. இவற்றை நாம் இழித்துரைக்கவில்லை. ஆயின், இவை பிறர் வகுத்த உருவைப் பின்பற்றிச் செய்வன. எதனைச் செய்வது, எவ்வளவிற் செய்வது என்னும் எண்ணம் ஆசிரியரிடமே நின்றுவிடுகின்றது. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு ஒன்று கூறுவோம்: பார்த்தெழுதுதலைக் கட்டுரையென நாம் ஒருநாளும் ஏற்பதில்லை. க.பொ.த. சாதாரண தரத்திலே வடிவமைப்பையும் நிர்மாணத்தையும் ஒரே பாடமாக வைத்தோர், இப்பிள்ளைகளுக்கு மட்டும் முன்னதை மறுப்பது முறையோ?

லூயி பிரெயில் சேணந் தைப்பவரின் மைந்தர். மூன்றாம் வயதிலே தந்தையின் பட்டறையிற் கூரிய கருவி தாக்கிப் பார்வையிழந்தார். பாரிசிலே அவர் கற்ற பாடசாலை நூல்களில் வழக்கமான எழுத்துக்களே புடைத்து நின்றன. பார்வையுடையோர் ஆக்கிய அந்நூல்களை விரலால் வாசிப்பது கடினம். அம்முறையிலே தாமாக எழுதுவதோ அரிதினும் அரிது. 1824ஆம் ஆண்டளவிலே, பதினைந்து வயதிலே, ஆறு புள்ளிகளாலான முறையை அவர் வகுத்தார். தமக்கு வேண்டியது யாதென விரலால் அறிந்தவர் அவரே.

தொடங்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பார்வையற்ற பிள்ளைக்கு வெட்டுக்களிட்ட அடிமட்டமும் களிமண்ணும் போதும். செவிப்புலனற்ற பிள்ளைக்கு வரைபடம் தெளிந்த மொழி. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு, பலகை அசையாதிருக்க ஒரு தடுப்புக்கட்டை. வாளைக் கொடுக்க அஞ்சுவோரின் அச்சம் நியாயமானதே. மரத்தை இடுக்கியிற் பூட்டி, கையை விலக்கி நிற்கப் பழக்குதல் வேண்டும்.

முப்பரிமாண அச்சுப்பொறி உருகிய பிளாத்திக்கு இழையைப் படைபடையாக இட்டுப் பொருளை ஆக்குகின்றது. கரண்டிப்பிடி தடித்துவிட்டதா? கணினியில் அளவை மாற்றி மீண்டும் செய்யலாம். எவரோ வரைந்த பொம்மையை இறக்கி, பொத்தானை அழுத்தச் சொல்வதாயின், அதுவும் தும்புத்தடியே.

எமது பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் உளர். இத்தகைய பொறியை நன்கொடையாக அளிக்கும் அன்பர், மாதத்தில் ஒரு சனிக்கிழமையையும் உடன் அளிப்பாராக. செய்யவேண்டிய பொருள் யாதெனத் தாம் கூறாது, பிள்ளையையே கேட்பாராக.