ஏழு நாளில் அழியும் சாட்சி

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று சின்னப் பட்டறையின் அலுவலகத்திலும் கணினி, கேமரா, செல்போன் என்று எல்லாமே நெட்வொர்க்கில் இருக்கின்றன. அவற்றுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சேவை, எந்த முகவரி எந்தக் கருவிக்கு எத்தனை மணிக்குப் போனது என்று பதிவும் எழுதுகிறது. விண்டோஸ் சர்வரில் இது கிழமைக்கு ஒரு கோப்பு. இந்தத் திங்கள் வந்தால் போன திங்கள் அழிந்துவிடும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவோ பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சிறு தொழில்களுக்கு அவகாசம்தான் கிடைத்தது, அதுவும் அந்தச் செப்டம்பரோடு முடிந்தது. ஆக, சர்வரை வாங்கிய நிலையிலேயே விட்டுவைப்பவர் தெரியாமலே உத்தரவை மீறுகிறார்.

செலவு என்பார்கள். வெறும் எழுத்துக் கோப்புதான், தினமும் நகலெடுக்கச் சிறு ஸ்கிரிப்ட் போதும். ஊழியரை வேவு பார்ப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பது இதில் இருக்காது. பதிவில் கருவியை அடையாளம் காட்டும் வன்பொருள் முகவரியைச் செல்போன்கள் மாற்றிக் காட்டுகின்றனவே என்பதும் பாதி உண்மை; அதனால்தான் விருந்தினருக்குத் தனி வைஃபை வேண்டும். இல்லாவிட்டால், வந்துபோகும் செல்போனும் வழக்கமான எட்டு நாள் குத்தகையில் ஒரு முகவரியைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான சிறு நெட்வொர்க்கில் இருக்கும் 254 முகவரிகளும் தீர்ந்து பில் போடும் கணினி நிற்கும்போது முதலில் தேடுவதும் இந்தப் பதிவைத்தான்.