மருத்துவ மானிடவியலுக்குத் தனி முதுகலைப் படிப்பு கோரும் மனு

அனுப்புநர்:
மானிடவியல் முதுகலை மாணவர், ஆய்வாளர் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை,
அரசுச் செயலாளர், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மருத்துவ மானிடவியலில் ஈராண்டு முதுகலைப் படிப்பு தொடங்குதல், களப்பணி உதவித்தொகை, பணியிடங்கள் ஏற்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே இருந்த மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியதில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் தர்காவை நம்பி வரும் குடும்பங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. செய்வினை என்று நம்பி வருபவரிடம் "இது மூளை நோய், மருத்துவமனைக்குப் போ" என்றால், அவர் இன்னொரு தர்காவையோ கோயிலையோ தேடிப் போவார். துவாவை, அதாவது பிரார்த்தனையை, தடுக்காமல் அதன் அருகிலேயே மருந்தும் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு ஏர்வாடிக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. நோயாளி தன் நோயை என்னவென்று நினைக்கிறார், முதலில் யாரிடம் போகிறார், ஏன் போகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே எங்கள் துறையின் வேலை.

அந்த வேலைக்கான பயிற்சி இன்று பெரும்பாலும் மானிடவியல் முதுகலையில் ஒரே ஒரு தாளோடு முடிந்துவிடுகிறது. தேர்வில் மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மனின் கருத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவர், "குழந்தைக்குச் சீர் தட்டிடுச்சு" என்று ஒரு தாய் சொல்லும்போது குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிக்கிறார். நாங்களும் அப்படி விழித்தவர்கள்தாம்.

ஆகவே, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலாவது, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, மருத்துவ மானிடவியலுக்கு ஈராண்டு முதுகலைப் படிப்பு தொடங்க வேண்டுகிறோம். அதில் ஆறு மாதமாவது மாணவர் ஒரே ஊரில் தங்கிக் களப்பணி செய்ய வேண்டும். மூன்று நாள் முகாம் போட்டு வினாத்தாள் நிரப்பி வருவதை நாங்கள் களப்பணி என்று கருதவில்லை. தங்குவதற்கும் உணவுக்கும் பேருந்துக்கும் உதவித்தொகை இல்லையென்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இதைப் படிப்பார்கள். ஆய்வேட்டைத் தமிழிலும் எழுத அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களின் பிரசவம் பற்றி சிசீலியா வான் ஹாலன் எழுதிய நூல் 2003-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அத்தகைய ஆய்வை நம் மாணவர்கள் நம் மொழியிலேயே எழுத முடியாதா?

இப்படிப்பின் அவசரத்தை நீலகிரியில் காணலாம். இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு முதன்முதலில் பதிவானது 1952-இல், அந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் நோய் ஒழிப்புத் திட்டம் 2047-ஐ இலக்காக வைத்து, இரத்தப் பரிசோதனை செய்து, மரபணு நிலை குறித்த அட்டையும் வழங்குகிறது. பரிசோதனைக் கூடத்தின் பங்கு அந்த அட்டையோடு முடிகிறது. அட்டையில் 'கடத்துபவர்' என்று இருக்கும் பெண்ணுக்கு, சில நூறு பேரே உள்ள சமூகத்தில், முறைமாமன் உறவுக்குள் யார் பெண் கேட்டு வருவார்கள்? அட்டையை அவள் வீட்டார் பெட்டிக்குள் மறைத்துவிட்டால் திட்டம் என்ன ஆகும்? அந்த மக்களோடு தங்கி, அவர்கள் பேச்சைக் கற்றவரிடம்தான் இதற்கு விடை கிடைக்கும். பழங்குடிப் பிள்ளைகளே இந்தப் படிப்புக்கு வருவது இன்னும் நல்லது. அவர்களுக்கு இடங்கள் ஒதுக்கக் கோருகிறோம்.

நெறிமுறைக் குழுக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நலம் சார்ந்த சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளன. இருந்தும் மருந்துச் சோதனைக்கான படிவத்தையே எங்களிடமும் நிரப்பச் சொல்கிறார்கள். கைநாட்டு வைத்து நிலம் இழந்த குடும்பத்துப் பாட்டியிடம் கைநாட்டுக் கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவாக ஏற்க ஆணையிட வேண்டும்.

படித்து முடித்தவருக்கு வேலை வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்திலும், பழங்குடி வட்டாரங்களின் சுகாதாரப் பணிகளிலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மதிப்பீட்டிலும் மருத்துவ மானிடவியலாளர் பணியிடம் உருவாக்கி, ஆள்சேர்ப்பு விதிகளில் இப்படிப்பைத் தகுதியாகச் சேர்க்கக் கோருகிறோம்.

வரைவுப் பாடத்திட்டம் இணைக்கப்பட்டுள்ளது. நேரில் விளக்க அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால், எங்கள் களக் குறிப்பேடுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர்

இணைப்பு: வரைவுப் பாடத்திட்டம்