பத்துக் காசு



போன மாதம் மலாக்காவின் ஜாசின் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்னதானம் முடிந்து கை கழுவும் இடத்தில் இளைஞர்களுக்குள் வாக்குவாதம். "பெண்ணியம்னு சொல்றாங்க, கேட்கிறதெல்லாம் பொம்பளைங்களுக்கு மட்டும்தானே? இதுல சமத்துவம் எங்க இருக்கு?" என்றார் ஒரு தம்பி.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி தலை நிமிராமலே பேசினார். "எங்கப்பாவும் அம்மாவும் ஒரே பெரட்டுலதான் (தோட்டத்துக் காலை வருகைப் பதிவு) நின்னாங்க. காண்டாவுல (தோளில் சுமக்கும் காவடிக் கம்பு) ரெண்டு வாளி ரப்பர் பாலு, ரெண்டு பேருக்கும் ஒரே கனம். கூலியில மட்டும் அம்மாவுக்குக் கொறச்சல். அது முழுசா வந்திருந்தா வீட்டுல எல்லாருந்தானய்யா சாப்பிட்டிருப்போம்?"

பாட்டி சொன்னதற்கு ஏடும் சாட்சி. 1920களின் பிற்பகுதியில், மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசாங்கமே நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அந்தப் பத்துக் காசில் எத்தனை பிள்ளைகளின் அரைவயிறு அடங்கியிருக்கும்! 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் கண்டு, சம ஊதியத்துக்குப் போராடிய ராசம்மா பூபாலன் கேட்டதும் இதே கணக்கைத்தான்.

ஓட்டுப் பெட்டி மட்டும் 1955இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலிலேயே ஆண், பெண் பேதம் பார்க்கவில்லை. ஆனால் பெட்டியருகே போகக் குடியுரிமை வேண்டுமே. தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே பிள்ளை பெற்ற நம் மலாக்காப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் அண்ணனுக்கு அங்கே பிள்ளை பிறந்தால் பதிவு செய்தாலே பிள்ளை மலேசியக் குடிமகன். அவளோ மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை மாற்றும் சட்டத் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியபோது மனம் நிறைந்தது. முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்பது இன்னும் உறுத்துகிறது.

சமத்துவம் எங்கே என்று கேட்ட அந்தத் தம்பிக்கும் ஓட்டு விஷயத்தில் ஒரு மனக்குறை இருந்தது. 18 வயதிலேயே ஓட்டு என்று நாடாளுமன்றம் 2019 ஜூலையில் முடிவெடுத்தது. நடைமுறைக்கு வந்ததோ 2021 டிசம்பர் 15. நம் மலாக்காவின் சட்டமன்றத் தேர்தல் அதற்கு 25 நாள் முந்தி, நவம்பர் 20இல் நடந்து முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு 19 வயது. "அம்மாவை மோட்டார்ல கூட்டிட்டுப் போய் இறக்கிவிட்டுட்டு, பள்ளிக்கூட வேலி ஓரமா நின்னேன்" என்றபோது அவர் குரல் தணிந்துவிட்டது.

பாட்டி மடித்த வெற்றிலையை அவரிடம் நீட்டினார். "வெளியே நிக்கிறது எப்படி இருக்கும்னு ஒனக்கே தெரியுதே, சாமி."

வாசகர்களே, உங்கள் வீட்டில் முதன்முதலாக ஓட்டுப் போட்ட பெண் யார்? எந்தத் தோட்டம், எந்தப் பள்ளிக்கூடம், யார் துணைக்குப் போனார்கள்? எழுதி அனுப்புங்கள். எழுத இயலாத பாட்டிமார் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதித் தாருங்கள். அவர்கள் பேச்சு மாறாமல் அப்படியே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்