வாவிக்குச் சாயத்தண்ணி வேண்டாம்

வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர்ப் பக்கத்து மீனவரும் நெசவாளரும் தையற்காரரும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும் சேர்ந்து இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம்.

ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி பதனிடும் வலயம் ஒன்றை இலங்கை முதலீட்டுச் சபை முன்னெடுத்து வருகிறது. அதை நாங்கள் மறிக்கவில்லை. பிள்ளைகளைக் கட்டாருக்கும் குவைத்துக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற ஊர்களுக்கு வேலை வேண்டும். எங்கள் கேள்வி ஒன்றுதான்: பொலியெஸ்டர் வந்தால் அதற்கு எப்படிச் சாயம் ஏற்றுவீர்கள்?

பொலியெஸ்டர் தண்ணீரை உள்ளே விடாத நார். பருத்திச் சாயம் அதில் பிடிக்காது. தண்ணீரில் கரையாத டிஸ்பெர்ஸ் சாயத்தை மூடிய பாத்திரத்தில் அமுக்கம் கொடுத்து 130 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் நார் இளகி நிறத்தை நன்றாக வாங்கும். அந்த இயந்திரத்துக்குக் காசு போட மனமில்லாதவர்கள் சாதாரணக் கொதிநிலையிலேயே 'கேரியர்' இரசாயனம் சேர்த்து முடித்துவிடுவார்கள். அவற்றில் பல நஞ்சு. பிறகு மேலே ஒட்டிய மிச்சச் சாயத்தைக் கோஸ்டிக் சோடாவும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் போட்டு அலசுவார்கள். சுத்திகரிக்காமல் விட்டால் அந்த அலசல் தண்ணி போய்ச் சேரும் நீரின் ஒட்சிசனைத் தின்னும். வறட்சியில் மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடு முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கையில் வாவிக்குள் வந்தது எளிதில் வெளியே போகாது. இறாலும் நண்டும் எங்கே ஓடும்?

திருப்பூரைப் பாருங்கள். 1992இல் நொய்யல் ஆற்றில் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குளமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே பெரும்பாலும் பருத்திதான். ஆனால் கெட்ட ஆற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மாற்று வழி இருக்கிறது. நூலாக இழுக்கும் முன்பே, உருகிய பொலியெஸ்டரில் நிறத்தைக் கலந்துவிடலாம். சாயத்தொட்டியே தேவையில்லை. ஒரே நிறத்தில் பெருந்தொகை எடுக்கும் சீருடைக்கு இதுவே சரி. இன்னொன்று, நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் உருவாக்கிய இயந்திரம். காபனீரொட்சைட்டை 31 பாகைக்கும் 73 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் சாயத்தைக் கரைத்து நாருக்குள் கொண்டுபோகும். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். வாயுவின் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்து மீண்டும் பயன்படுத்தலாம். விலை அதிகம், உண்மை. சிறு பட்டறை வாங்க முடியாது. ஏற்றுமதிக் கம்பனி வாங்கலாம்.

சாயத்துக்கு மஞ்சளும் மஞ்சிட்டியும் போதும் என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மருதமுனைப் பருத்திச் சாரனுக்கு அவை அழகு. எங்கள் விளையாட்டுக் கழகப் பிள்ளைகளின் பொலியெஸ்டர் ஜேர்சியில் அவை அவ்வளவாகப் பிடிக்காது. இயற்கை என்ற பெயருக்காகப் பொய் சொல்ல மாட்டோம்.

ஆகவே கேட்கிறோம். கேரியர் சாயமேற்றலுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. எந்தத் தொழிற்சாலையும் என்ன சாயம், எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே என்பதைப் பிரதேச செயலக வாசலில் மாதந்தோறும் தமிழில் ஒட்ட வேண்டும். எங்கள் கழகங்களும் இனி நிறம் கலந்து இழுத்த நூலில் செய்த ஜேர்சியைத்தான் கேட்கும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு எடுக்கும் பரிசோதனையால் முன்னர் நீர் எப்படி இருந்தது என்று நிரூபிக்க முடியாது. அதனால் இப்போதே உங்கள் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, திகதியும் இடமும் எழுதி எங்களிடம் தாருங்கள்.