எடை ஏறினால் மட்டும் போதாது

2025 மார்ச்சில், குண்டாகிவிடுவோம் என்ற அச்சத்தில் பல மாதங்கள் சாப்பாட்டை ஒதுக்கிவந்த இளம்பெண் ஒருவர் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் இறந்தார். நம் சிவகங்கைச் சீமை இதை அயலூர்ச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டு, "என்னாத்தா, இப்படிப் பெருத்துட்ட?" என்று கேட்பவர்கள் நாம்தானே!

இப்படிப் பருமனுக்கு அஞ்சி உணவை ஒதுக்குவது ஒரு நோய். இந்நோயில் பெண் தன் உடலைக் காணும் விதமே பிறழ்ந்துவிடுகிறது என்று மனநல மருத்துவர் ஹில்டே புரூக் 1962இலேயே எழுதினார். எலும்பு தெரியும் உடலும் அவளுக்குப் பருமனாகவே படுகிறது. அந்தப் பார்வை மாறாமல் எடையை மட்டும் கூட்டினால் குணம் நிலைக்காது என்றும் எச்சரித்தார். நம் வீடுகளிலோ "ஒழுங்காச் சாப்பிடு" என்ற அதட்டலோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எடை, உடலைக் காணும் விதம் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. வேளை தவறாத உணவு முதலில். அடிக்கடி எடை பார்ப்பது, இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பது, கண்ணாடியையே தவிர்ப்பது போன்ற பழக்கங்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. தன் மதிப்பை உடம்பில் மட்டும் தேடாதிருக்கவும் பயிற்சி உண்டு. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். பயிற்சி பெற்ற உளவியலாளரும் வேண்டும்.

அத்தகையோரை மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு அமர்த்த வேண்டும். மயக்கம், மாதவிடாய் நின்றுபோதல் என்று வரும் இளம்பெண்களிடம் சாப்பாட்டைப் பற்றியும் மருத்துவர்கள் விசாரிக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.