நாணும் நாரும்: முழங்கால் மாற்றுத்திசு ஆய்வில் கலைச்சொல் தெளிவு

தமிழ் மருத்துவ எழுத்தில் 'தசைநார்' என்னும் ஒரே சொல், தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனையும் எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமெண்டையும் குறிக்க ஆளப்பெறுகிறது. பொதுவாசகர்க்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. ஆயின், முழங்காலுக்கான மாற்றுத்திசு உருவாக்கம் பற்றித் தமிழில் எழுத முற்படும்போது இம்மயக்கம் ஆய்வுப்பொருளையே மறைத்துவிடுகிறது.

ஏ.சி.எல். எனப்படும் முன்சிலுவை லிகமெண்ட் அறுந்தால், நோயாளியின் டெண்டன் ஒன்றன் பகுதியை எடுத்து அவ்விடத்தில் பொருத்துதல் பெருவழக்கு. இரண்டும் முதல்வகைக் கொலாஜனால் ஆனவையே. எனினும் டெண்டனின் இழைகள் பெரும்பாலும் இணையாக ஓடுவன. லிகமெண்டின் இழைக்கற்றைகள் பின்னியும் குறுக்கிட்டும் அமைவன. நாய்சு குழுவினரின் 1984ஆம் ஆண்டு ஆய்வில், 14 மி.மீ. அகலமுள்ள முழங்காற்சில்லு டெண்டன் பட்டை, ஏ.சி.எல்.லின் வலிமையில் ஏறத்தாழ 168 விழுக்காட்டைக் கொண்டிருந்தது. வலிமை மிகுந்திருந்தும் அது லிகமெண்ட் ஆகிவிடவில்லை. பொருத்தப்பெற்ற டெண்டன் படிப்படியாக லிகமெண்டின் இயல்புகளை ஏற்பதை முயல்களில் கண்ட அமியல் குழுவினர், 1986இல் அம்மாற்றத்திற்குத் தனிப்பெயரே இட்டனர். ஆல்ட்மன் குழுவினர் 2002இல் பட்டிழைகளை முறுக்கிச் சாரக்கட்டமைப்பு உருவாக்கியதும் ஏ.சி.எல்.லின் இயக்கப்பண்புகளை எட்டும் நோக்கினாலேயே.

இவ்வாய்வுகளை இன்றைய வழக்கில் எழுதினால், 'தசைநார் தசைநாராக மாறுகிறது' என்னும் பொருளற்ற தொடரே எஞ்சும். அறுவைக்கு ஒப்புதல் தரும் நோயாளியும், தம் உடலின் எப்பகுதி எடுக்கப்பட்டு எதற்கு ஈடாகிறது என்பதை அச்சொல்லால் அறிய இயலாது.

இதற்கான தீர்வு தமிழிலேயே உள்ளது. வில்லின் நாண் இழுவிசையைக் கடத்துவது. பூத்தொடுக்கும் நார் பிணைப்பது. எனவே டெண்டனுக்கு ஏற்கெனவே வழங்கும் 'தசைநாண்' என்பதையும், லிகமெண்டுக்குப் 'பிணைநார்' என்பதையும் வரையறுத்து ஆளுதல் பொருந்தும். தசையோடு நேர்த்தொடர்பு இல்லாத பிணைநாருக்குத் 'தசை' என்னும் முன்னொட்டு வேண்டுவதில்லை.

எல்லைகள் எங்கும் தெளிவாக இல்லையே என்னும் மறுப்பு எழலாம். முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள பட்டை இரு எலும்புகளுக்கு இடைப்பட்டதால் உடற்கூற்றியலின் இலத்தீன் பெயரில் லிகமெண்டாகவும், தொடைத்தசையின் விசையைக் கடத்துவதால் மருத்துவர் வழக்கில் டெண்டனாகவும் சுட்டப்பெறுவது உண்மையே. ஆயினும், இரு சொற்கள் இருப்பதனாலேயே அங்கு அவ்வையத்தை எழுப்பவும் ஆராயவும் முடிகிறது.

ஆங்கிலச் சொற்களை ஒலிபெயர்த்து எழுதினாலும் வேறுபாடு காக்கப்படும். ஆனால் பெயரிலிருந்தே பணியை உணரும் வாய்ப்பு இழக்கப்படும். ஆதலின் கலைச்சொல் தொகுப்புகள் இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக, இணைப்பிடமும் பணியும் சுட்டும் விளக்கத்துடன் தருதல் வேண்டும். மருத்துவமனை ஒப்புதற் படிவங்களும் அவற்றைப் பின்பற்றுதல் வேண்டும்.