செய்நிரல் எழுதக் கணிதப் பிரிவுதான் வேண்டுமா?

சாதாரண தரத்தில் சித்தியடைந்த பிள்ளை கணினித் துறைக்குப் போக ஆசைப்பட்டால், நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி கணிதப் பெறுபேறு என்ன என்பதுதான். மாத்தளை மாவட்டத்தின் றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டப் பிள்ளைகளுக்கு இக்கேள்வி ஒரு கதவடைப்பு. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை. மாத்தளை நகருக்கு வந்து படிக்க எல்லோருக்கும் வசதியும் இல்லை. கலைப் பிரிவுக்குப் போன பிள்ளை கணினி தனக்குரியதல்ல என்று முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவு தவறு என்பதே என் வாதம்.

செய்நிரல் எழுதுபவரின் அன்றாட வேலையைப் பாருங்கள். பைதன் மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ண நினைத்து range(1, 10) என்று எழுதினால் ஒன்பதோடு நின்றுவிடும். கணினி பழுதாகவில்லை; எழுதியதை அப்படியே செய்தது. நாம் நினைத்தது வேறு, எழுதியது வேறு. அந்த இடைவெளியை வரிவரியாக வாசித்துக் கண்டுபிடிக்கிற பொறுமையும், பிழை தன்னுடையதே என்று கோபமின்றி ஏற்கிற மனமும்தான் இத்தொழிலின் பெரும்பங்கு. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாந்தெல் பிராட் குழுவினர் 36 பேருக்குப் பைதன் கற்பித்து ஆராய்ந்தார்கள். கற்றல் பெறுபேறுகளில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 17 சதவீதத்தை மொழி கற்கும் திறன் விளக்கியது. எண் திறன் விளக்கியது 2 சதவீதம் அளவே. தர்க்கத் திறனும் நினைவாற்றலும் சேர்ந்து இவற்றைவிடக் கூடுதலாக விளக்கின. 36 பேர் சிறு தொகை, அவர்கள் ஆங்கிலம் பேசுவோர் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் யார் தேறுவார் என்று முன்கூட்டியே பிரிக்க முயன்றவர்களின் வரலாறும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. ஒரே சோதனையால் பிரித்துவிடலாம் என்று 2006இல் பிரித்தானியாவில் பரவிய ஆய்வறிக்கையை, அதை எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் போர்னாட் 2014இல் மீளப்பெற்றுக்கொண்டார்.

கணிதம் வேண்டவே வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். மொரட்டுவைப் பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம் இன்றிப் போக முடியாது. செயற்கை நுண்ணறிவு, மறைகுறியாக்கம் போன்றவற்றில் ஆழமாக இறங்கவும் அது வேண்டும். ஆனால் கடைக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவேடு, வங்கிச் செயலி ஆகியவற்றை எழுதச் சாதாரண தரக் கணிதமும் தெளிவான சிந்தனையும் பெரும்பாலும் போதும். ஆங்கிலம் என்ற தடைதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பிழைச் செய்திகளும் கையேடுகளும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. இங்கே பிள்ளைக்குக் குறைவது திறமையல்ல, பயிற்சி; அதைக் கொடுக்க முடியும். இயந்திரமே இனி நிரல் எழுதுமே என்பாரும் உண்டு. அப்படி எழுதப்பட்டதில் பிழை எங்கே என்று கூர்ந்து வாசிக்கிறவரின் தேவை அதனால் கூடவே செய்யும்.

வழியும் இருக்கிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைக் கலைப் பிரிவு மாணவரும் ஒரு பாடமாக எடுக்கலாம்; பைதன் அதிலேயே கற்பிக்கப்படுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டமும் உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையே பிள்ளைகள் சும்மா இருக்கும் வாரங்களில், மாவட்டத்தின் தமிழ்ப் பாடசாலைகள் தம் கணினி அறைகளைத் திறந்து, கணிதப் பெறுபேறு கேளாமல், விரும்பி வருகிற எல்லோருக்கும் பைதனை அறிமுகப்படுத்தட்டும். எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளை அதன் பிறகு தீர்மானிக்கட்டும்.